விசா தேவையில்லாத சம்பந்தி

வரதராசா அண்ணையிடம் நேரம் கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்பார். பிறகுதான் தன் மணிக்கூட்டைப் பார்ப்பார். பரிஸ் நகரத்து லா சப்பலில் நான் வேலை செய்யும் பார்சல் கடையின் பின்மூலையில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வருடமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். கார்த் என்கிற வதிவிட அட்டை புதுப்பிக்க, பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்க, ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிட என்று சனம் அவரைத் தேடி வரும். அவர் கட்டிய கோப்பு ஒன்றுகூட, கடதாசி குறைகிறது என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவரை யாரும் அடிக்க முடியாது.

நான் ரஜனி. முன்னால் பார்சல் நிறுக்கிறவள். என் வாய் கொஞ்சம் நீளம் என்பது அவருடைய அபிப்பிராயம். அதனால் தன் வீட்டு விஷயம் எதையும் எனக்குச் சொல்லமாட்டார். அவருக்குச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது என்பது வேறு கதை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு உள்ளதுதான், ஆனால் அவருக்கு முற்றிப்போன நிலை. யார் பயணம் வந்தாலும், வந்து இறங்கி வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது. எந்த நாள், எந்த விமானம் என்று தம்பிக்கும் சொல்லக்கூடாது. களவாக ஆள் ஏற்றும் ஏஜென்சிக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்றோராம் ஆண்டு வந்தவர். நான்கு நாடு தாண்ட எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தான் வந்து சேர்ந்தான் என்பார். சரி, அப்போது அது சரி. ஆனால் போன வருடம் மனைவி பரமேஸ்வரி அக்கா லூர்து மாதாவிடம் பஸ்ஸில் போனதையும் திரும்பி வரும்வரை மறைத்து வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், அக்‌ஷரா. இங்கேயே பிறந்தவள். அவள் கட்டியது ஒரு சேர்பியன் பெடியனை. பெயர் நெமன்யா. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையில் பெரிய லொறி ஓட்டுகிறான். அவன் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது, அண்ணை அவனுக்குக் கேக் கொடுப்பதற்கு முன் கார்த்தை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். காலாவதியாகும் திகதியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பெடியன் நல்லவன், சிரித்துக்கொண்டு இருந்தான். அக்‌ஷரா இரண்டு மாதம் அப்பாவோடு பேசவில்லை.

இந்த வருடம் அக்‌ஷரா பிள்ளைத்தாய்ச்சியானாள். எட்டாம் மாதம் டொக்டர் அவளைக் கட்டிலைவிட்டு எழும்பவேண்டாம் என்று சொல்ல, பரிசுக்கு வெளியே செவ்ரானில் இருக்கும் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். நெமன்யாவின் தாய், வெஸ்னா, பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வருகிறா என்று முடிவானது. சேர்பியாவில் நீஷ் என்ற ஊரில் இருக்கிற கைம்பெண். நெமன்யா ஒரே மகன். இனி ஒரு பேரப்பிள்ளை வருமோ என்னவோ.

அன்று கடையில் சனம் இல்லை. அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, சேர்பியா ஐரோப்பிய யூனியனுக்குள்ளை இல்லைத்தானே?"

"இல்லை எண்டுதான் நினைக்கிறன். ஏன் அண்ணை?"

"சும்மா." தராசை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "யூனியனுக்குள்ளை இல்லை. ஆனா விசா வேண்டாமாம். பாஸ்போட்டைக் காட்டினா விடுவினமாம். ஆர் நம்புறது?"

அவர் நம்பவில்லை. அக்‌ஷரா சொன்னாள், நம்பவில்லை. அரசாங்கத்தின் இணையப்பக்கத்தைத் தானே திறந்து வாசித்தார், அப்போதும் நம்பவில்லை. மெரி என்கிற நகரசபைக்குப் போய் அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டார். அவள், ஓம், பயோமெட்ரிக் பாஸ்போட் இருந்தால் விசா வேண்டாம், ஆனால் நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாளுக்கு மேல் நிற்க முடியாது, உங்கள் வீட்டில் தங்குவதென்றால் நீங்கள் வரவேற்புக் கடிதம் எடுக்கவேண்டும், மருத்துவக் காப்புறுதியும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் வேண்டும் என்று சொன்னாளாம்.

"அப்ப சரிதானே?" என்றேன்.

"அவ்வளவு லேசா விடமாட்டாங்கள் தங்கச்சி. இதுக்குள்ளை ஏதோ இருக்கு."

முப்பத்தைந்து வருடம் விசா என்ற சொல்லோடு மாரடித்த ஒருவருக்கு, அது தேவையில்லாத மனிதர்களும் உலகத்தில் உண்டு என்பது பொறுக்கவில்லை. எனக்கும்தான் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்லக்கூடாது. சேர்பியாவும் சண்டை பிடித்த நாடுதானே. அவர்களுக்குத் திறந்த கதவு எங்களுக்கு ஏன் திறக்கவில்லை?

ஆனால் வேலை என்று வந்தால் அண்ணை அண்ணைதான். மகளின் வீடு ஒற்றை அறை என்பதால் வரவேற்புக் கடிதத்தைத் தன் பெயரில், செவ்ரான் வீட்டு விலாசத்தில் எடுத்தார். வீட்டு அறைகளின் அளவு, கரண்ட் பில், சம்பளத் துண்டு, முத்திரை, ஒன்றும் தவறவில்லை. வெஸ்னா பெப்ரவரியில் வியன்னாவில் தங்கையின் வீட்டில் பதினொரு நாள் நின்றவ என்று மருமகன் வாய்தவறிச் சொல்ல, அந்தப் பதினொன்றையும் பிடித்தார். வியன்னாவில் நின்றாலும் பிரான்சில் நின்றாலும் கணக்கு ஒன்றுதான். மிஞ்சுவது எழுபத்தொன்பது நாள். "இப்ப எல்லையிலை பாஸ்போட்டிலை முத்திரை குத்துறேல்லை. விரல் ரேகையும் முகமும் எடுத்து மிசினிலை போடுறாங்கள். ஒரு நாள் கூடினாலும் காட்டிக்கொடுக்கும்," என்றார். எழுபத்தொன்பதாம் நாளைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டார்.

"அந்த மனிசி திரும்பிப் போகுமோ தெரியாது," என்றும் சொன்னார்.

"ஏன் போகாமல்?"

"வந்த ஆக்கள் போனதாச் சரித்திரம் இருக்கோ? நான் போனனானோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெஸ்னா வரும் நாளில் மருமகன் ஸ்பெயினில் நின்றான், மறுநாள்தான் வருவான். மகள் கட்டிலில். அப்பா, நீங்கள் ஏர்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் என்று அக்‌ஷரா கேட்டிருக்கிறாள். ஓம் என்றிருக்கிறார். ஆனால் அன்று காலை பத்தரைக்கு அவர் கடையில் இருந்தார். நல்ல சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கதவையே பார்த்துக்கொண்டு. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கலியாண வீடு ஏதும் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார், முகம் வெளுத்தது. எடுத்து, பிரெஞ்சில் "ஓம்" என்றார். பிறகு "யார்?" என்றார். பிறகு, எழுதி வைத்து வாசித்ததுபோல, "இல்லை. எனக்கு அப்படி ஒருவரைத் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஆர் அண்ணை?"

"ஆரோ. பிழையான நம்பர்."

"பிழையான நம்பருக்கு ஏன் போனைக் கவிழ்த்து வைக்கிறியள்?"

போன் திரும்ப அடித்தது. அவர் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரோ எங்கோ மாட்டுப்பட்டு நிற்கிறார்கள், இந்த மனிசன் கைவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். எட்டி எடுத்தேன். ஒரு பெண் குரல். றொய்சி விமான நிலையத்து எல்லைப் பொலிஸ். பெல்கிறேட்டிலிருந்து வந்த ஒரு அம்மையார் சுற்றுலாப் பயணி என்கிறா, ஹோட்டல் பெயர் சொல்லத் தெரியவில்லை, பரிசில் யாரையும் தெரியாது என்கிறா, ஆனால் பையின் அடியில் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிய வரவேற்புக் கடிதம் ஒன்று இருக்கிறது, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் இந்த எண் எழுதியிருக்கிறது என்றாள். யாரும் பொறுப்பேற்காவிட்டால் மூன்று மணி விமானத்தில் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்றாள்.

"நாங்கள் வருகிறோம்," என்று சொல்லி வைத்தேன். பிறகு அண்ணையைப் பார்த்தேன்.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. மகளுக்கும் மருமகனுக்கும் தெரியாமல், போனில் மொழிபெயர்க்கும் அந்தச் செயலிக்குள் தமிழில் பேசி, சேர்பிய மொழியாக்கி, இரண்டு வாரமாகச் சம்பந்திக்குப் பாடம் எடுத்திருக்கிறார். குடும்பம் என்று சொல்லவேண்டாம். பேரப்பிள்ளை என்ற பேச்சே எடுக்கவேண்டாம். சுற்றுலா, ஈபிள் கோபுரம், ஹோட்டல், அவ்வளவுதான். இங்கே ஆரையும் தெரியாது என்று சொல்லவேண்டும். கடிதம் கையோடு இருக்கட்டும், ஆனால் கேட்டால் மட்டும் எடுக்கலாம். பிள்ளைகளுக்குச் சொன்னால் பயப்படுவார்கள், எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். அந்த மனிசியும் ஒவ்வொன்றுக்கும் "டொப்ரோ, டொப்ரோ," நல்லது, நல்லது என்று பதில் போட்டிருக்கிறா. இவர் பரிசில் கடதாசி வேலையில் பெரிய ஆள் என்று மகன் சொல்லி வைத்திருந்தானே, நம்பிவிட்டா.

ஏர்போட்டுக்கும் போகவில்லை. அங்கே கமெரா இருக்கிறதாம், வரவேற்க ஒருவரும் நிற்கக்கூடாதாம். வெஸ்னா தனியாக றயில் ஏறிக் கார் து நோர் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து நடந்து கடைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. றொய்சியிலிருந்து வரும் றயில் செவ்ரானைத் தாண்டித்தான் பரிசுக்கு வருகிறது. வீட்டு வாசலைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வரவேண்டுமாம். வயது அறுபத்தாறு, தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

"அண்ணை, அந்த மனிசிக்கு எல்லாம் சரியாத்தானே இருந்தது? உண்மையைச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்திலை வெளியிலை வந்திருக்கும்!"

"உண்மையைச் சொல்லி ஆர் உள்ளை வந்தவை?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பார்சலுக்கு வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பொலிஸ் மாதிரி ஆரும் கதைக்கலாம் தங்கச்சி. என்னைக் கொழுவப் பாக்கினம். கடிதத்திலை என்ரை கையெழுத்து. நாளைக்கு என்ரை கார்த்..."

"பிள்ளை பிறக்கிற வீட்டிலை என்ன சொல்லப்போறியள்? தெரியாத ஆள், திருப்பி அனுப்பிப்போட்டினம் எண்டோ?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து சிவப்பு நிறக் கோப்பு ஒன்றை எடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி கடையில். "நீயும் வா தங்கச்சி," என்றார். நான் முதலாளிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

றயிலில் அக்‌ஷரா போன் எடுத்தாள். "பப்பா, எல் எ ஊ?" அவ எங்கே என்று கேட்கிறாள். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"பிளேன் லேற் பிள்ளை," என்றார் அண்ணை.

நான் அவரை முறைத்தேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

அவருடைய தாய் தில்லைநாயகியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அக்‌ஷரா பிறக்க இருந்தபோது, பரமேஸ்வரி அக்காவுக்கு இங்கே உதவிக்கு ஒரு நாதியும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தாயைக் கொழும்புக்கு எடுத்து, விசாவுக்குப் போட்டார். அவர் எழுதிய முதல் படிவம் அதுதான். பயணத்தின் காரணம் என்ற இடத்தில், பேரப்பிள்ளையின் பிறப்பு என்று எழுதினார். மறுத்தார்கள். திரும்பிப் போவதற்கு உத்தரவாதம் இல்லையாம். அடுத்த வருடம் பேரப்பிள்ளையைப் பார்க்க என்று எழுதினார். அதற்கும் மறுப்பு. மூன்றாம் தரம் போடக் காசு சேர்த்துக்கொண்டிருக்க, தாய் மனிசி கொழும்பில் வாடகை அறையிலேயே செத்துப்போனது. அக்‌ஷராவின் போட்டோவைத்தான் பார்த்தது.

"நான் உண்மையை எழுதினதாலைதான்," என்றார். "சுற்றுலா எண்டு எழுதியிருந்தா விட்டிருப்பாங்கள்."

விட்டிருக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். முப்பது வருடம் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார், நாங்களோ அவரைப் பின்மேசைச் சந்தேகப்பிராணி என்று பகிடி பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

விமான நிலையத்தில் ஒரு கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் ஒரு இளம் பொலிஸ்காரி எங்களை உள்ளே கூப்பிட்டு, எதிரே இருக்கச் சொன்னாள். கடிதம் அவளுடைய மேசையில் இருந்தது. சுருட்டிய சுருக்கம் இன்னும் போகவில்லை.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஓம்."

"ஆனால் அவரைத் தெரியாது என்று போனில் சொன்னீர்கள். அவரும் மூன்று மணித்தியாலமாக உங்களைத் தெரியாது என்கிறார். உங்கள் பெயரைக் காட்டினேன், யாரென்றே தெரியாதாம். தெரியாத ஒருவருக்கு ஏன் வீட்டில் இடம் கொடுக்கிறீர்கள்? இந்தக் கடிதத்துக்கு யாராவது காசு தந்தார்களா?"

அண்ணையின் நெற்றியில் வேர்வை வழிந்தது. லா சப்பலில் காசுக்குப் படிவம் நிரப்புகிற மனிதர். அவள் அதைக் கேட்டறிந்தால் எப்படியிருக்கும் என்று நானே பயந்தேன். ஒரு சொல் மாறிச் சொன்னால், தன் கார்த், தன் பெயர், எல்லாம் போகும் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் எழும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கோப்பைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். மகளின் கலியாணப் பதிவுள்ள குடும்பப் புத்தகம், மருமகனின் கார்த், டொக்டரின் துண்டு, மெரியில் கொடுத்த எல்லாவற்றின் பிரதிகள்.

"நான்தான் பொய் சொல்லச் சொன்னது," என்றார் தன் உடைந்த பிரெஞ்சில். "அவவில் பிழை இல்லை. அவ என் மகளின் மாமியார். என்னில்தான் பிழை."

"ஏன் சொல்லச் சொன்னீர்கள்?"

"எங்களை அப்படித்தான் பழக்கினார்கள்."

அவள் நம்பவில்லை என்றுதான் பட்டது. ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். டிக்கெட், காப்புறுதி, நாட்கணக்கு. அண்ணை எழுதி வைத்திருந்த எழுபத்தொன்பதைத் தன் திரையோடு ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"அப்படியானால், வருகையின் உண்மையான காரணம்?"

அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"பேரப்பிள்ளையின் பிறப்பு."

அவள் அதை ஒரு வரியில் தட்டினாள். இன்னொரு முறை பொலிசுக்குப் பொய் சொல்லச் சொல்லாதீர்கள் என்று கடுமையாகச் சொன்னாள். எழும்பி உள்ளே போனாள். அவ்வளவுதான்.

வெஸ்னா ஒரு பழைய நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தா. குள்ளமான, உறுதியான மனிசி, கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தா, அண்ணையைப் பார்த்தா, பிறகு இருவரையும் தெரியாதவ போல நேராக நடந்தா. அண்ணை பின்னால் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தபோதுதான் நின்றா. பொலிஸ்காரி நிற்கும் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் "டொப்ரோ?" என்று கேட்டா.

றயில் செவ்ரானுக்கு முந்தின வில்பந்த் ஸ்டேசனுக்கு வந்தது. அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"அதே வரிதான் தங்கச்சி. அம்மாவுக்கு நான் எழுதினதும் அதே வரிதான்."

அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. முன்னால் இருந்த வெஸ்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொலிஸ் அவரை அடித்தார்களோ, ஏசினார்களோ என்று நினைத்தாவாக்கும். பையிலிருந்து போனை எடுத்து, தன் பாஷையில் எதையோ சொல்லி, அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தா. போன் தமிழில் பேசியது.

"அழ வேண்டாம். நான் உங்கள் பெயரை அவர்களிடம் கடைசி வரை சொல்லவில்லை."

அண்ணை கண்ணைத் துடைத்தார். அந்தப் போனைக் கையில் வாங்கினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் அண்ணை, விடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, எழுத்துத் தமிழில் சொன்னார்.

"அவர்கள் என்னிடம் கேட்டபோது, உங்களைத் தெரியாது என்று சொன்னேன்."

போன் அதைச் சேர்பிய மொழியில் சொன்னது. வெஸ்னா தலையைச் சாய்த்துக் கேட்டா. கேட்டு முடிந்ததும் அவவுடைய முகம் மலர்ந்தது. அன்று முதன்முதலாகச் சிரித்தா. அண்ணையின் முழங்கையில் இரண்டு தரம் தட்டிவிட்டு, போனுக்குள் பேசினா.

"நல்லது. அப்படித்தானே சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லித் தந்தீர்கள்."

செவ்ரான் வந்துவிட்டது. அண்ணை நீலப் பெட்டியைத் தூக்கினார். இறங்கும்போதே அக்‌ஷராவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை, பிளேன் லேற் இல்லை," என்று தொடங்கினார்.